கொடிக்கயிற்றில் ஓர் அம்பு

எங்கள் தெருவில் வீட்டுக்கொரு பிள்ளை கம்ப்யூட்டர் வேலைக்கென்று அமெரிக்கா போன ஆண்டுகளில் என் மகனும் போனான். மற்றவர்கள் அங்கே வீடு வாங்கினார்கள். இவன் ஃப்ளோரிடாவில் நீருக்கடியிலுள்ள குகைகளுக்குள் நீந்தக் கற்றுக்கொண்டான்.

குகைக்குள் இறங்குபவர்கள் வாயிலிலிருந்து நீளும் ஒரு கயிற்றைப் பற்றியே செல்வார்கள். கயிறு கிளை பிரியும் இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அம்பு ஒன்றை மாட்டுவார்கள். அதன் முனை வெளியேறும் திசையைக் காட்டும். லைன் மார்க்கர் என்று பெயர். திரும்பும்போது அவரவர் அம்பை அவரவரே கழற்ற வேண்டும், பிறர் தொடுவதில்லை. ஓர் அம்பு கயிற்றில் இருந்தால், அதற்குரியவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள்.

ஒரு விடுமுறைக்கு வந்தபோது எங்கள் திருப்பதி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவன் அம்புகளைப் பரப்பி, பிளேடால் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தான். சேறு கலங்கினால் எழுதிய பெயர் தெரியாது. தன்னுடையது எதுவென்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்றான். என் மனைவி நகரியில் நெசவு வீட்டில் பிறந்தவள். அங்கே சாயப் பட்டறைக்குப் போகும் நூல் சிட்டங்களில் ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒரு முடிச்சு உண்டு. நிறம் மாறித் திரும்பினாலும் எந்த வீட்டுச் சிட்டம் என்பதை முடிச்சு சொல்லிவிடும்.

"பிளேடால செதுக்கிக்கினே இருக்கியே, விரலை அறுத்துக்கினா எதால தடவிப் பார்ப்ப? இங்க குடு, நான் நூல் கட்டறேன்."

"தண்ணிக்குள்ள அவுந்துடும்மா."

"கொதிக்கிற சாயத்துல அவுழாதது உன் குளத்துல அவுந்துடுமா?"

இரண்டு முடிச்சு, சற்று இடைவெளி, ஒரு முடிச்சு. நைலான் நூலால் எல்லா அம்புகளின் அடிப்பக்கத்திலும் கட்டினாள். பிறகு, புதுப் பொருளாயிற்றே என்று ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

"அமெரிக்கா மீனுங்க பயந்துடும்மா."

"பயந்தா நல்லதுதான். கிட்ட வராது."

அவள் இறப்பதற்கு முந்தைய நாள் அவன் ஒரு குகைக்குள் இருந்தான். சேறு கலங்கி ஒன்றும் தெரியாமல் போயிற்று. கயிறு பிரியும் இடத்தில் விரல்களால் தடவினான். முதல் அம்பு வழவழப்பாக இருந்தது; வேறொரு வாயிலுக்குப் போகிறவருடையது. அடுத்ததில் இரண்டு முடிச்சு, இடைவெளி, ஒரு முடிச்சு. அது காட்டிய பக்கம் திரும்பி வெளியே வந்தான். சிலிண்டரில் காற்று குறைந்திருந்ததால் அதைக் கழற்ற நிற்கவில்லை. மறுநாள் நான் தொலைபேசியில் அழைத்தேன்.

காரியம் முடிந்த பிறகு இதையெல்லாம் சொன்னான்.

"அம்மா கட்டினதுல ஒண்ணு உள்ளயே இருக்குது நைனா. போய் எடுக்கணும்."

"சிநேகிதர் யாராவது எடுக்கட்டுமே."

"அடுத்தவங்க தொட மாட்டாங்க. ஆள் உள்ள இருக்கறதாதான் நெனைப்பாங்க."

எனக்கு எஞ்சியிருந்தவன் அவன் ஒருவன். அது அவன் அறியாததல்ல.

"தனியாகவா?"

"ரெண்டு பேர்."

"காற்று?"

"இந்த முறை கூடுதலா எடுத்துக்கினு போறேன்."



சென்னை விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நின்றது. அவன் கொல்லைக்குப் போய், தன் தாய் துணி உலர்த்திய கொடிக்கயிற்றில் ஓர் அம்பை மாட்டினான். முனை வீட்டுக் கதவைப் பார்த்திருந்தது.

"தொடாதீங்க நைனா. நானே வந்து எடுத்துக்கறேன்."

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. "வெளிய வந்துட்டேன் நைனா. கையில இருக்குது." நல்லது என்றேன்.

அன்று காலை, வீட்டு வேலை செய்யும் அம்மாள் கொல்லையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இன்னா சார் இது, புது கிளிப்பா? உங்க வேட்டிய இதுல மாட்டட்டுமா?"

"வேண்டாம்மா. அதை மாட்டினவனே வந்து எடுப்பான்."

"எப்போ வராரு?"

தெரியவில்லை என்றேன். அவள் வேட்டியைக் கயிற்றின் மறுகோடியில் உலர்த்தினாள்.