என் பேர் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்

போன வருஷம் ஆடி மாதத்தில் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் சேர்ந்துதான் விழுந்தன. ஆனால் கை கால் விழுந்ததை நான் தாங்கிக்கொண்டேன். வாய் அடைத்துப்போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கம்பெனி வேன் ஓட்டினவர். சிங்கப்பெருமாள் கோயில் கூட்டுரோட்டில் ஆள் ஏற்றித் தொழிற்பேட்டையில் இறக்கி விடுவதற்குள், வேனில் இருக்கிற அத்தனை பேர் வீட்டுச் சமாசாரமும் அவருக்குத் தெரிந்துவிடும். அதையெல்லாம் ராத்திரி சோறு போடும்போது எனக்குச் சொல்லுவார். "வாய மூடிகினு துன்னுய்யா" என்று எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட மனுஷன்.

நான் கஸ்தூரி. கூட்டுரோட்டில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். அவர் பேரை நான் சொல்லிப் பழக்கமில்லை. திருப்பதிக்குப் போனால் எத்தனை மலை ஏறுகிறோமோ, அதுதான் அவர் பேர். ஒரே பெண், படூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எங்கள் ஊர்த் தெய்வம் பொன்னியம்மன். அவளை நம்புகிற உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். வேறு யாரிடமாவது சொன்னால் இவளுக்கு வேறு வேலை இல்லை என்பார்கள்.

ஆடியில் எங்கள் ஊரில் கூழ் ஊற்றித் தீ மிதிப்பார்கள். தீ மிதிக்கிறவர்கள் முதலில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் கயிறு. திருவிழா முடிந்து கோயிலில்தான் அவிழ்க்க வேண்டும், அதுவரை ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. அவருக்கும் காப்புக் கட்டியிருந்தது. மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுக்கும் முன் கையில் கயிறு எதுவும் இருக்கக் கூடாது என்று காப்பைக் கத்தரித்து என்னிடம் கொடுத்தார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். ஆனால் கோயிலில் அவிழ்க்க வேண்டிய கயிற்றை நான் என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்த பிறகு டாக்டர் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். என்னைக் காட்டி, "இவங்க யாரு? பேரு சொல்லுங்க" என்றார். அவர் என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. கல்யாணமான நாளாக அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

அங்கேயே, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன். "தாயே, காப்ப அறுத்த குத்தத்த மன்னிச்சுடு. அடுத்த ஆடிக்குள்ள இவரு வாயால என் பேரு வரணும். வந்துச்சுன்னா ஊருக்கே என் வூட்டுலேந்து கூழு ஊத்தறேன்."

ஊருக்குத் திரும்பினால் ஆளுக்கொரு பேச்சு. எல்லை தாண்டினது தப்பு என்றார்கள் சிலர். காப்பை அறுத்ததால்தான் வாய் போனது என்றார்கள் சிலர். வாய் போன பிறகுதானே காப்பை அறுத்தார்கள் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனேன். போய்ச் சண்டைதான் போட்டேன். நான் சாமியிடம் கைகட்டி நிற்கிறவள் இல்லை. "ஒரு பேரு. மூணு எழுத்தோ நாலு எழுத்தோ. அதக் குடுக்க உனக்கு இவ்ளோ கஷ்டமா?" என்று கேட்பேன்.

தை பிறந்ததும் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்தது சின்னப் பெண், ரொம்பப் பொறுமை. எந்த வார்த்தையில் தொடங்கலாம் என்று கேட்டாள். என் பேரில் தொடங்கு தாயே என்றேன். "க" என்பாள். அவர் காற்றுதான் விடுவார். "கஸ்" என்பாள். எச்சில் வழியும். நான் துடைத்துவிடுவேன். வீட்டிலும் காலையும் மாலையும் எதிரில் உட்கார்ந்து, "என் பேரு இன்னா, சொல்லு" என்று உயிரை எடுப்பேன். கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

மாசி மகத்துக்கு மாமல்லபுரத்தில் கடலில் குளித்தால் நல்லது என்று சொன்னார்கள். ஆள் வைத்து அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரை முழுக்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈர மணலில் அவரை உட்காரவைத்தேன். சொம்பில் கடல் தண்ணீர் மொண்டு வந்து அவர் தலையில் ஊற்றினேன். அவரைப் பார்த்துக்கொண்டே, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். அப்போது பெரிய அலை ஒன்று வந்தது. நான் நகர்ந்துகொண்டேன், புடவை ஓரம்தான் நனைந்தது. கற்பூரம் அணைந்துபோனது. அவ்வளவுதான் நடந்தது என்று அன்றைக்கு நினைத்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அம்மனைத் திட்டிக்கொண்டே வந்தேன். "அவ்ளோ தூரம் இட்டுகினு போனேன், ஒரு வார்த்த குடுத்தியா?"

பங்குனி, சித்திரை எல்லாம் போனது. கைத்தடி பிடித்து அவர் நடக்க ஆரம்பித்தார். இடது கையால் தானே சாப்பிட்டார். எதிலும் எனக்கு மனசு நிற்கவில்லை. ஆடியும் பிறந்தது. காப்புக் கட்ட நாள் குறித்துவிட்டார்கள். பேர் வரவில்லை.

அன்றைக்குக் கோயிலுக்குப் போய்க் கடைசியாகச் சொல்லிவிட்டேன். "பேச்சு பேச்சா இருக்கணும். நீ குடுக்கல, நானும் ஊத்த மாட்டேன்." விளக்குக்கூட ஏற்றாமல் வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுச் செல்வி நின்றிருந்தாள். மகள் பிரசவத்துக்காகத் தை மாதத்தில் வேலூர்ப் பக்கம் போனவள் அன்றுதான் ஊர் திரும்பியிருந்தாள். அவளிடம் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏமே."

"வரேன்யா, இருய்யா" என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். செல்வி என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, யாரு கூப்ட்டது?"

"அவருதான். தண்ணிக்கா இருக்கும்."

"அண்ணனா? அண்ணனுக்குப் பேச்சு வந்துடுச்சா?"

"எங்க வந்துச்சு? அதத்தான் சொல்லிகினு கீறேன். என் பேரு வர மாட்டேங்குது."

செல்வி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "யக்கா, அண்ணன் இன்னிக்கிதான் உன்னப் பேரு சொல்லிக் கூப்புடலயா? என்னிக்காவது கூப்ட்டுக்கீறாரா? நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளா 'ஏமே, ஏமே'ன்னுதான் கூப்ட்டுகினு கீறாரு. இப்பவும் அப்டிதான கூப்ட்டாரு?"

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உண்மைதான். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியை யார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? "ஏமே, டீ." "ஏமே, சாவி எங்க?" இதுதான் என் பேர். டாக்டர் கேட்டார் என்று நான் அந்தப் பேரையே பிடித்துத் தொங்கினேன். அவர் வாயில் எந்நாளும் இல்லாத ஒன்றைக் கொடு கொடு என்று அம்மனிடம் அடம்பிடித்திருக்கிறேன். எந்நாளும் இருந்ததை அவள் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டாள். குக்கர் விசில் அடித்தால் எழுந்து போவது போல, அவர் கூப்பிடக் கூப்பிட நானும் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அது பேச்சு என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. வேறு ஏதாவது சொல்கிறாரா என்று பயிற்சிப் பெண் வாராவாரம் கேட்டபோதும், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்த்தேன். வைகாசியில் கூப்பிட்டார். சித்திரையில் கரண்ட் போன அன்று கூப்பிட்டார். அதற்கும் முன்னால்? அப்போதுதான் கடற்கரை ஞாபகம் வந்தது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற நான் அலை வருவதை எப்படிப் பார்த்து நகர்ந்தேன்? நான் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவர் பார்த்தார். "ஏமே" என்றார். நான் நகர்ந்தேன். நான் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டுதான் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

அழுதேன். தெருவே பார்க்கட்டும் என்று அழுதேன். உள்ளே ஓடி அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் காட்டினார். கொடுத்தேன். பிறகு செல்வியை அவருக்குத் துணை வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். அன்றைக்கு அம்மனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அழுதுவிட்டு விளக்கேற்றி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அம்மா, இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே. பேரை விடுங்க. அவர் தினமும் பேசிப் பழகின வார்த்தைங்களச் சொல்லுங்க, அதுலேருந்து புடிச்சுப் போலாம்." சொன்னேன். ரெண்டே வாரத்தில் "டோர் சாத்து" என்றார். வேனில் ஏறுகிறவர்களிடம் வருஷக்கணக்காகச் சொன்னது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அதைத்தான் சொல்லுகிறார். அதன்பின் "சோறு" வந்தது. "வேணா" வந்தது. "வேணா" வந்த பிறகு எனக்குத்தான் கஷ்டம், கஞ்சி வைத்தால் போதும், "வேணா" என்கிறார்.

காப்புக் கட்டுகிற நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். பூசாரி, "வேண்டுதல் நெறவேறிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"கேட்டது வரல சாமி. எனக்கு வேண்டியது வந்துடுச்சு" என்றேன்.

போன வருஷக் காப்பு அறுபட்டதைச் சொல்லி, இவருக்கு மறுபடியும் கட்டலாமா, குற்றமாகுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஆஸ்பத்திரில உயிரக் காப்பாத்த அறுத்தத ஆத்தா குத்தமா எடுத்துக்குவாளா? இந்த வாட்டி தீ மிதிக்க வேணாம், சும்மா கட்டிக்கட்டும். கைய நீட்டச் சொல்லு" என்றார். என் வீட்டுக்காரர் விழுந்துபோன வலது கையை இடது கையால் தூக்கி நீட்டினார். ஒரு வருஷமாக என் நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்கு இறங்கியது.

கூழ் ஊற்றினேன். ஊருக்கே ஊற்றினேன். கேழ்வரகு மாவு கரைத்துக் கிண்டியதில் தோள் கழன்றுபோனது. அவர் பந்தலில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் வேன் ஓட்டப்போவதில்லை, அது தெரியும். கை முழுசாக வருமா என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் இப்போது நான் அம்மனிடம் சண்டை போடுவதில்லை. காலையில் கடைக்குக் கிளம்பும்முன், முந்தின நாள் அவள் கொடுத்ததை நினைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். சொல்ல ஆரம்பித்தால் கடைக்கு நேரமாகிவிடுகிறது, அவ்வளவு இருக்கிறது. உங்களுக்கும் கெட்ட வருஷம் வந்திருந்தால், அவளை நம்பிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேட்டுவிட்டு, நீங்கள் கேட்ட மாதிரியே வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். வீட்டுக்குள்ளேயும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து, மெல்ல, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "கஸ்... தூரி" என்றார். எனக்குத் தெரியாமல் அந்தப் பெண்ணிடம் படித்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல இருந்தது.

"இன்னாய்யா இது புதுசா? பழையபடியே கூப்புடு" என்றேன்.

அவர் வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தார். பிறகு, "ஏமே, டீ" என்றார்.

போய் டீ போட்டேன்.