இரண்டு கறுப்புக் கண்ணாடிகள்

காமாரியா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வாய் திறக்கக் கூச்சம். கண் மட்டும் கூர்மை. அந்தக் கண்ணை நம்பித்தான் 1994இல் இன்ஜினியர் விஸ்வலிங்கம் அவளை, கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் இருந்த தொழிற்சாலையின் வயர் பொருத்தும் லைனிலிருந்து எடுத்து, புதுக் கேமரா செய்யும் சின்ன அறையில் உட்காரவைத்தார். தினமும் ஜார்ஜ்டவுனிலிருந்து ஃபெரிப் படகில் போய் வருவாள்.

கேமரா சோப்புப் பெட்டி அளவுதான். முகப்பில் ஆறு லென்ஸ். ஒவ்வொன்றுக்கும் பின்னால், ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் கண்ணாடித் துண்டு. லென்ஸ்கள் தள்ளித்தள்ளி இருப்பதால், கிட்டத்துப் பொருள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நகர்ந்து தெரியும். அந்த நகர்வை வைத்துக் கம்ப்யூட்டர் தூரத்தைச் சொல்லும். நான்கு துண்டுகள் நாம் பார்க்கும் நிறங்களுக்கு. ஐந்தாவது சிவப்பைத் தாண்டிய ஒளிக்கு, ஆறாவது அதையும் தாண்டியதற்கு. மேசையில் கிடந்தால் இரண்டும் ஒரே கறுப்பு. இவற்றை ஒட்டுவது காமாரியாவின் வேலை.

ஜாதிக்காயின் தோலுக்கடியில் இருக்கும் அழுகலைக் கேமரா காட்டவேண்டும். விஸ்வலிங்கம் தன் கையால் செய்த முதல் கேமரா காட்டியது. அதன்பிறகு காமாரியா ஒட்டிய ஆறு கேமராக்களும் நல்ல காயை அழுகல் என்றன. அந்த ஆறிலும் வேறு கடையில் வாங்கிய லென்ஸ் என்பதால், அவர் பழியை லென்ஸ் மேல் போட்டு மூன்று வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் அறையை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

ஒரு காலை, மிச்சமிருந்த கறுப்புத் துண்டுகளைக் காமாரியா விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ஆறாம் பெட்டித் துண்டில் விளக்கு மங்கலான சிவப்பாகத் தெரிந்தது. ஐந்தாம் பெட்டித் துண்டில் ஒன்றுமே தெரியவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் இருப்பது ஐந்தாவதுதான்; அப்படியானால் பெட்டிகள் மாறியிருக்கின்றன. முதல் கேமரா முடிந்த பிறகு, மழை ஈரத்தில் பெட்டி லேபிள்கள் உரிந்த அன்று, கேட்கக் கூச்சப்பட்டு, அவளே அவற்றைக் குத்துமதிப்பாகத் திரும்ப ஒட்டியிருந்தாள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அறைதான் போகும். அவள் பேசாமல் வயர் லைனுக்குத் திரும்பிவிடலாம்.

"ஏன்டி, பேயைப் பார்த்த மாதிரி நிக்கிற?" என்றாள் பக்கத்து மேசை ஜெயலெட்சுமி.

"அக்கா, தப்பு என்னுது."

"யாருக்குத் தெரியும்? சும்மா இருலா. அந்தாளு லென்ஸைத்தானே திட்டுறாரு."

"லென்ஸ் பாவம்க்கா."

துண்டுகளைத் தட்டில் வைத்து எடுத்துப்போனாள். "சார், அஞ்சும் ஆறும் மாறிப்போச்சு. நான்தான் மாத்திட்டேன்."

விஸ்வலிங்கம் துண்டுகளை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "ஆறு கேமராவிலயுமா?"

"ஆறுலயும், சார்."

"ஒண்ணுலகூடச் சரியா ஒட்டித் தொலைக்கலையே?"

"இல்ல, சார்."

"நல்ல வேளை!"

பசையைப் பிரிக்க முடியாது. ஆனால் எல்லாம் ஒரே மாதிரித் தப்பு என்பதால், கம்ப்யூட்டரில் ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றினால் போதும். மாற்றினார். திரை நல்லது என்று காட்டிய காயை வெட்டினார், உள்ளே சுத்தம். அழுகல் என்று காட்டியதை வெட்டினார், பழுப்பு. அதன்பிறகுதான் கத்த ஆரம்பித்தார். அது வயர் லைன்வரை கேட்டது.

மறுநாள் ஆபீசிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. காமாரியா அதை ஜெயலெட்சுமியிடம் நீட்டினாள்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"இன்னொரு தடவை இப்படிச் செஞ்சா வீட்டுக்குப் போகணுமாம்."

"அப்போ இந்தத் தடவை?"

"இந்தத் தடவை போக வேணாம்லா. கையெழுத்துப் போடு."

போட்டுவிட்டு அடுத்த கேமராவை எடுத்தாள்.