ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ஒரு கோழி

எனக்கும் அச்செழுத்துக்கும் ஏழாம் பொருத்தம். புத்தகத்தைத் திறந்தால் கண் வரியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். காதில் விழுந்தது மட்டும்தான் தங்கும். எண்பதுகளில், மாரண்டஹள்ளியில் நான் பத்தாவது படித்தேன் என்று பேர். உண்மையில் படித்தவள் என் அக்கா. அவள் முந்தைய வருஷம் பரீட்சையில் பெயிலாகி, மறுபடி எழுதுவதற்காக வீட்டில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாள். மண்டிக்குப் போகவேண்டிய தக்காளியில் பழம் தனி, காய் தனி என்று பிரித்தபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பாடம் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியே என்றால் அப்படியேதான். ஒருநாள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் "இலையில் உள்ள பச்சையம்" என்று ஆரம்பித்தவள், காயப்போட்ட ராகியில் கோழி வாய் வைப்பதைப் பார்த்து "ச்சூ" என்று விரட்டிவிட்டு, "சூரிய ஒளியை ஈர்த்து" என்று தொடர்ந்தாள். அதற்கப்புறம் கோழி வராவிட்டாலும் அந்த இடத்தில் ஒரு "ச்சூ" போடுவாள், என்னைச் சிரிக்க வைக்க. அரைப் பரீட்சையில் நானும் மனசுக்குள் கோழியை விரட்டிவிட்டுத்தான் மீதி வரியை எழுதினேன்.

மார்கழியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பஸ்ஸில் தருமபுரிக்கும் கொண்டுபோனோம். பொங்கலுக்கு அவள் இல்லை.

அதன் பிறகு புத்தகத்தைத் திறந்தால், அவள் படித்திருந்த பக்கங்கள் அவள் குரலில் பேசின. அவள் படிக்காத பாதி வாயே திறக்கவில்லை. பரீட்சைக்கு அந்தப் பாதியும் வேண்டும். பெயிலானால் படிப்பு அத்தோடு முடிந்தது, மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பயத்தில் ஒரு சாயங்காலம், படிக்காத பாடம் ஒன்றை அவளைப் போலவே இழுத்து இழுத்து, கொஞ்சம் மூக்கால் படித்துப் பார்த்தேன். அடுப்படியில் களி கிளறிக்கொண்டிருந்த அம்மா, துடுப்பும் கையுமாக ஓடி வந்தாள்.

"நீயா" என்றாள். துடுப்பிலிருந்து களி தரையில் சொட்டியது. "இன்னொருக்கா அப்பிடியே படி" என்றாள்.

தினமும் படித்தேன். அம்மாவுக்கு அது வேண்டியிருந்தது, எனக்கும்தான். ஆனால் குரலைப் பிடிப்பதிலேயே புத்தி போனதால் பாடம் ஒரு வரிகூட ஏறவில்லை. இத்தனை நாள் அவள் மண்டையைக் கடன் வாங்கித்தான் காலத்தை ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒருநாள் வெறுத்துப்போய்ப் புத்தகத்தை மூடிவிட்டு, இதயம் எப்படி வேலை செய்கிறது என்று அம்மாவிடம் வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

"போன ரத்தம் வந்த வழியாவே திரும்பிடாதா?" என்றாள் அம்மா.

புத்தகத்தில் தேடினேன், வால்வு என்று ஒன்று இருந்தது. ஒரு கேள்வியோடு உள்ளே போனபோது கண் வரியை விட்டு நழுவவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் நானே ஒரு கேள்வியைப் போட்டுக்கொண்டு, பதிலைத் தேடி வாய் திறக்காமல் படித்தேன். பழைய பாடங்களையும் அப்படியே திரும்பப் படித்தேன். அக்கா மாதிரி படி என்று அம்மாவும் கேட்கவில்லை, அடுப்படியில் தன் வேலையைப் பார்த்தாள்.

பாலக்கோட்டில் பரீட்சை எழுதினேன். பாஸ் ஆனேன். ரிசல்ட் வந்த சாயங்காலம் அம்மா, "அவ மாதிரி ஒருக்கா படி" என்றாள்.

ஒளிச்சேர்க்கையை எடுத்தேன். என் குரல்தான் வந்தது. இழுத்துப் பார்த்தேன், மூக்கால் பேசிப் பார்த்தேன். பச்சையம் எதற்கு, வெயில் எதற்கு என்று எல்லாம் எனக்குப் புரிந்திருந்தது. அவள்தான் அதில் இல்லை. "இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியை ஈர்த்து" என்று வேகமாகப் படித்துக்கொண்டே போனேன்.

"ச்சூ" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

வாசலில் கோழியும் இல்லை, ராகியும் காயவில்லை. நான்தான் அந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போயிருந்தேன்.