டப்பாவில் இருந்த கழிமுகம்

ஐம்பது வயதில் நான் மண் தின்றிருக்கிறேன், அதுவும் கேட்டு வாங்கி. மேலகரம் பஸ் ஸ்டாப்பில், மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவர், டப்பாவிலிருந்து நகநுனியில் எதையோ எடுத்து, கண்மூடி முன்பல்லால் அரைத்துக்கொண்டிருந்தார். லேகியம் என்று நினைத்துக் கையை நீட்டினேன். கொடுத்தார்.

"பல்லுல நறநறங்குதா, அண்ணாச்சி?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இல்லையே, வழவழன்னு இருக்கு."

"அதான் களிமண்ணு! மணல்னா நறநறங்கும். இது தாமிரபரணி கடல்ல சேருத எடத்துச் சேறு."

வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனிக்குப் பாறைகளைச் சோதித்துப் பார்த்தவராம். மணல் இறுகிக் கல்லாகும்போது, மணல்துகள்களின் மேல் மெல்லிய களிமண் பூச்சு இருந்தால் அவை முழுக்க ஒட்டிக்கொள்ளாதாம். அந்த இடைவெளியில்தான் எண்ணெய் தங்குமாம். களி மிஞ்சினால் அதுவே அடைத்துவிடுமாம்.

"வீட்ல சொல்லலாம்னா செவருதான் இருக்கு," என்றார்.

பஸ் வந்துவிட்டது.

"நாளைக்கும் வருவியளா? இன்னொரு டப்பா இருக்கு."

தலையாட்டிவிட்டு ஏறினேன். ஜன்னல் வழியே பார்த்தபோது மறுபடியும் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அவர் எந்த பஸ்ஸுக்கும் காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

"நீங்க மண்ணத் தின்னது கெடக்கட்டும். அந்த மனுசன் சாப்பிட்டாரான்னு ஒரு வார்த்தை கேட்டியளா?"