ஓடாது என்று அவன் சொன்னது

என் தம்பி ஒரு கேசட்டை ஓடும் என்று சொன்னால் அது ஓடும். எந்தப் பெட்டியில் ஓடும், எதில் படம் வந்து சத்தம் வராது, எதில் பாதி விளையாட்டில் நின்றுபோகும் என்பதுவரை சொல்லிவிடுவான். பழைய வீடியோ கேம் கேசட்டுகளைத்தான் சொல்கிறேன். மார்க்கெட் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த கடையில் அவனுக்கு அதுதான் வேலை. அங்கே யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் ஜட்ஜ்.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசையில் செக்கிங் வேலை. பித்தான் ஓட்டை, நூல் பிசிறு, காலர் முனை எல்லாம் பார்த்து அனுப்புகிறவள். அதனால் அவன் வேலை எவ்வளவு சுத்தம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது.

எங்கள் மாமா வெளிநாட்டில் கப்பல் பட்டறையில் இருந்தார். ஒருமுறை வந்தபோது தம்பிக்கு ஒரு கேம் கேசட் கொண்டுவந்தார். கேசட் மட்டும்தான். அதைப் போட்டு விளையாடப் பெட்டி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. "டிவியில சொருகுனா வரும்னு கடைக்காரன் சொன்னானே" என்று கடைசிவரை சாதித்தார். தம்பி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டி இருக்கிற வீடுகளை எல்லாம் விசாரித்துப் போவான். ஒரு வீட்டில் கேசட் உள்ளே நுழையாது. இன்னொரு வீட்டில் நுழையும், படம் வராது. வேறொரு வீட்டில் தலைப்பு வந்து அப்படியே நின்றுவிடும். எந்தப் பெட்டியின் வாயில் எத்தனை பின், எது அசல், எது நகல் என்பதெல்லாம் அப்படி அலைந்துதான் அவனுக்குத் தெரிந்தது. அவன் மீசை வைத்த பிறகு, பழைய சாமான் விற்கிறவரிடம் கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியில் அந்தக் கேசட் ஓடியது. பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்கு மாமா என்றே பெயர் வைத்தான். கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, எந்தக் கேசட்டையும் ஓட்டிவிடுகிற அந்தப் பெட்டியைக் கடைக்கே கொடுத்துவிட்டான்.

கடையிலும் அவன் வைத்த பெயர்கள்தான். வெள்ளைப் பெட்டிக்கு மாப்பிள்ளை. ஊர்ப்பட்ட கேசட்டில் அது ஏற்றுக்கொள்வது நாலைந்துதான். விலை மலிவான நகல் பெட்டிக்குச் சின்னவன். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் குழம்பி நின்றுவிடும். யாராவது கேசட்டின் வாயில் ஊதினால் தம்பிக்குப் பொறுக்காது. "எச்சில் படுது, துரு பிடிக்கும். அடுப்பா ஊதுறீங்க?" என்பான். பென்சில் ரப்பரால் பின்னைத் தேய்த்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்து, காயவிட்டுத்தான் சொருகுவான்.

மற்ற கடைகளில் தலைப்பு வந்தால் போதும், ஓடுகிறது என்று கொடுத்துவிடுவார்கள். இவன் முதல் ஸ்டேஜ் முடியும்வரை விளையாடிப் பார்ப்பான். சில கேசட்டுக்குள் கூடுதலாக ஓர் ஐசி இருக்குமாம். நகல் பெட்டி அதைப் புரிந்துகொள்ளாமல் பாதியில் விழிக்குமாம். "தலைப்பு யாருக்கு வேணாலும் வரும்க்கா. உள்ள போனாத்தான் தெரியும்" என்பான். ஓடினால் பச்சைப் பொட்டு ஸ்டிக்கர். எல்லாப் பெட்டியிலும் போட்டுப் பார்த்து ஓடாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்த கேசட்டுக்கு மறுபேச்சு கிடையாது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லீவு நாளில் மதியச் சாப்பாட்டை நானே கடைக்குக் கொண்டு போவேன். நான் தூக்கை வைக்கும்போதே வாடகைக் கார் ஓட்டுகிற ஒருவர் வந்து கேசட் ஒன்றை மேசையில் வைத்தார்.

"ஜட்ஜ் ஐயா, அப்பீலுக்கு வந்திருக்கேன்."

தம்பி பார்த்தான். அவன் ஒட்டிய சிவப்புப் பொட்டு.

"நீங்க தூக்குல போட்ட ஆளு எங்க வீட்ல நல்லா உசுரோட இருக்கான். என் பொண்ணு மூணு ஸ்டேஜ் தாண்டிட்டா."

"எந்தப் பெட்டியில?"

"இதோ, இதே மாதிரிதான்." சின்னவனைக் காட்டினார்.

கடைக்காரர் சிரித்தார். "என்ன ஜட்ஜ், லஞ்சம் வாங்கிட்டுத் தீர்ப்பு சொல்லிட்டியா?"

தம்பி சிரிக்கவில்லை. "இது பட்டன் வாங்கலண்ணே. அமுக்கினா லேட்டா குதிக்குது. பாருங்க" என்று சொருகினான்.

திரையில் சின்ன உருவம் ஓடியது. ஒரு பள்ளம் வந்தது. தம்பி அமுக்கினான். உருவம் குதிக்காமல் பள்ளத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"பாத்தீங்களா?"

கார்காரர் தலையைச் சொறிந்தார். "என்னமோப்பா, என் பொண்ணுக்கு மட்டும் குதிக்குது" என்று கேசட்டை எடுத்துக்கொள்ளாமலே போனார். சவாரிக்கு அழைப்பு வந்துவிட்டது.

தம்பி சோற்றைத் தொடவில்லை. தப்பைத் தேட அவனுக்கு ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது தப்பு என்று தெரியாது. முதலில் ஜாய்ஸ்டிக்கை மாற்றினான். விழுந்தது. பெட்டியை மாற்றினான். விழுந்தது. வயரை மாற்றினான். பெரிய டிவியைத் தள்ளிவிட்டு வேறு டிவியை இழுத்து வைத்தான். விழுந்தது. பச்சைப் பொட்டு போட்ட வேறு கேசட்டைச் சொருகினான். அதிலும் விழுந்தது. அந்தக் கேசட்டை அவன் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பான்.

ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினான்.

"அக்கா, இங்க வா. இதைப் பிடி."

"எனக்கு என்னடா தெரியும்? சோறு ஆறுது."

"நான் சொல்றப்ப இந்தப் பட்டனை அமுக்கு. அவ்வளவுதான்."

நான் ஜாய்ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்தேன். கடைக்காரர் அதைத் திருப்பிக் கொடுத்தார். உருவம் ஓடியது.

"இப்ப" என்றான். அமுக்கினேன். குதித்துத் தாண்டியது.

எனக்குப் பெருமையாகிவிட்டது. "பாத்தியா, உன் அக்காவை என்னன்னு நினைச்ச?" என்று திரும்பினேன். அவன் திரையைப் பார்க்கவில்லை. தன் வலது கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் அடிச்சதை வற்றியிருந்தது. சட்டைக்குப் பித்தான் போட அவன் நேரம் எடுப்பதைச் சில மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பித்தான் ஓட்டை சிறிசு என்று நினைத்திருந்தேன்.

"பெட்டி சரி. வயர் சரி. கேசட்டும் சரி" என்றான்.

நான் அவனைக் கூட்டிப்போன டாக்டரம்மா நிதானமானவர். கையைத் தட்டி, ஊசியால் சோதித்து, பல பரிசோதனை எழுதிக்கொடுத்து, எல்லாம் வந்த பிறகு இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மூளை அனுப்புறது தசைக்குப் போய்ச் சேரலப்பா. நரம்பு கெட்டுக்கிட்டு வருது."

"வயர் போயிடுச்சுன்றீங்க."

"அப்படி வச்சுக்கலாம்."

"வேற வயர் போட முடியாதா டாக்டர்?"

"முடியாது" என்றார் அவர். அதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. கை, கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு என்று வரிசையையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான்தான் அழுதேன். அவன் வேறொன்றை நினைத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, இந்த ஒரு வருசமா நான் சிவப்புப் போட்டது எல்லாம் என்ன ஆகும்?"

"என்னடா ஆகும்?"

"எதெல்லாம் பட்டன் வாங்கலன்னு போட்டேன்னு ஞாபகம் இல்ல. நல்லதை ஓடாதுன்னு சொல்லியிருக்கேன். எத்தனை பேரை நம்ப வச்சிருக்கேன்."

உயிர் போகப்போகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், இவன் கேசட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் ஒரு சட்டையைத் தப்பாகக் கழித்துவிட்டோம் என்று தெரிந்தால் எனக்கும் தூக்கம் வராது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

அந்த வருசத்துச் சிவப்புப் பொட்டுக் கேசட்டுகளைக் கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஓடாத கேசட்டைப் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் திரும்ப எடுத்துப் போக மாட்டார்கள். உதிரிபாகத்துக்கு ஆகும் என்று கடையிலேயே விட்டுவிடுவார்கள். அவர் அட்டைப்பெட்டியையும், மாமா, மாப்பிள்ளை, சின்னவன் மூவரையும், பெரிய டிவியையும் வண்டியில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். இஸ்திரிக் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை. கீழேயிருந்து எப்போதும் சூடான துணி வாசனை வரும். அதோடு இப்போது ஸ்பிரிட் வாசனையும் சேர்ந்தது.

வேலை விட்டு வந்ததும் உட்காருவோம். நான் விளையாட, அவன் சொல்வான்.

"இப்ப. இப்ப. அக்கா, இப்பன்னா இப்ப. யோசிச்சுட்டு அமுக்காத."

"உயிரை வாங்காதடா. வாத்து வருது, நான் என்ன பண்ண?"

"அது வாத்து இல்ல, வில்லன்."

"மூஞ்சி வாத்து மாதிரிதான் இருக்கு."

வாய்விட்டுச் சிரிப்பான். அப்போது சிரிப்பு இருந்தது.

ஒவ்வொரு கேசட்டாக முதல் ஸ்டேஜை முடித்தேன். ஒவ்வொன்றும் ஓடியது. சிவப்புப் பொட்டைக் கிழித்துவிட்டுப் பச்சையை ஒட்டினேன். கடைக்காரர் வந்து பச்சை விழுந்ததை எடுத்துக்கொண்டு உரியவர்களுக்குச் சொல்லி அனுப்புவார். அவருக்குச் சந்தோஷம். தம்பிக்கு அப்படியில்லை. முன்பெல்லாம் ஒரு கேசட் ஓடினால் முகம் மலரும். இப்போது ஓடுகிற ஒவ்வொன்றும், அன்றைக்கே உன் கை போய்விட்டது, உனக்குத்தான் தெரியவில்லை என்று சொல்வதுபோல் இருந்தது. "இதுவும் ஓடுது" என்பான், கணக்கில் தோற்றவன்போல. ஒரே ஒரு கேசட்டாவது ஓடாமல் போகாதா என்று நான் ஏங்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே பள்ளத்தில் விழுந்து, ஓடவில்லை என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். அவன் கண்ணை ஏமாற்ற முடியாது. கையில்தான் கோளாறு, கண்ணில் இல்லை.

அட்டைப்பெட்டி பாதி காலியானபோது அவன் பேச்சு குழற ஆரம்பித்தது. "இப்ப" என்பது "இஹ" என்றானது. பிறகு அதுவும் போயிற்று. கண் இமை மட்டும் சொன்னபடி கேட்டது. இமை மூடித் திறந்தால் குதி. ஆனால் திரையைப் பார்த்தால் அவனைப் பார்க்க முடியாது, அவனைப் பார்த்தால் வாத்து வந்து முட்டும். கடைசியில் முகம் பார்க்கும் கண்ணாடியை டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். கட்டிலில் தலையணையில் சாய்ந்திருக்கிற அவன் முகம் அதில் தெரியும். ஒரு கண் திரையில், ஒரு கண் கண்ணாடியில். அப்படி விளையாடினோம்.

ஒரு ஞாயிறு மாலை, அடியில் கிடந்த ஒரு மஞ்சள் கேசட்டை எடுத்தேன். துடைத்துச் சின்னவனில் சொருகினேன். நன்றாக ஓடியது. பள்ளம், பாலம், ஏணி எல்லாம் தாண்டினேன். முதல் ஸ்டேஜ் முடிவில் ஒரு கதவு. அதன் முன்னால் நின்று பட்டனை அமுக்க வேண்டும். கண்ணாடியில் இமை மூடித் திறந்தது. அமுக்கினேன். படம் நின்றது. பாட்டு ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டே இருந்தது.

நான் திரும்பவில்லை. என் கைதான் தப்பாக அமுக்கியிருக்கும் என்று நினைத்தேன். அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விளையாடினேன். அதே கதவு, அதே சுருதி. ஜாய்ஸ்டிக்கை மட்டும் மாற்றினேன். நின்றது. பின்னைத் திரும்ப ரப்பரால் தேய்த்தேன். நின்றது. வயரை மாற்றினேன். நின்றது. மாப்பிள்ளை தலைப்பிலேயே முறுக்கிக்கொண்டது. கடைசியாக மாமா. எதையும் ஓட்டிவிடுகிற மாமா. ஒன்றை மாற்றி, ஒன்றை மாற்றி, அவன் செய்கிற மாதிரியே செய்தேன். அவன் ஒரு தடவைகூட என்னை அவசரப்படுத்தவில்லை. கதவு வந்தது. அமுக்கினேன். மாமாவும் நின்றார்.

"ஓடலடா தம்பி" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். இமை மூடித் திறந்தது.

"எதுலயும் ஓடல. நீ சொன்னது சரி."

அவன் வாய் கோணியது. அது சிரிப்பு என்று எனக்கு மட்டும் தெரியும். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. துடைத்துக்கொள்ள அவனால் முடியாது. நான் எழுந்துபோய் என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். டிவி அந்த ஒரே சுருதியைப் பாடிக்கொண்டே இருந்தது. அணைக்கப் போனேன். அணைக்காதே என்பதுபோல் பார்த்தான். விட்டுவிட்டேன். கீழேயிருந்து இஸ்திரிக்காரர், "என்னம்மா மேல, சங்கு ஊதுற மாதிரி?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லண்ணே, கொஞ்ச நேரம்" என்றேன்.

மிச்சமிருந்ததையும் முடித்தோம். எல்லாம் ஓடின. அவை அவனை ஒன்றும் செய்யவில்லை.

அடுத்த மழைக்காலம் அவன் பார்க்கவில்லை. மூச்சு நின்றது ஒரு காலை வேளையில். நான் அவனுக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன், கடைசிப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

சில நாள் கழித்து கடைக்காரர் பெட்டிகளை எடுத்துப்போக வந்தார். மூன்றையும் வயர் சுற்றிக் கட்டினார். போகும்போது அலமாரியில் இருந்த மஞ்சள் கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சிவப்புப் பொட்டு இருந்தது.

"இது எதுலம்மா ஓடும்? சும்மா சின்னவன்ல ஒரு தடவை போட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம்ண்ணே. அது எதுலயும் ஓடாது" என்று வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். "என் தம்பி பாத்துட்டான்."