திறந்து பிடித்த கதவு

பாரிஸ் புறநகர் செவ்ரானில் ரயில் ஏறும்போது மத்தியானம் பன்னிரண்டேகால். ஒக்டோபர் மாதச் சனிக்கிழமை, டிக்கெட் ஆளுக்கு இரண்டரை யூரோ. பாரிசுக்கு வருகிறவர்கள் ஈபிள் கோபுரம் பார்க்கப் போவார்கள். நானும் அண்ணியும் ஆர்மீனியச் சாப்பாடு பார்க்கப் போனோம். என் அண்ணன் மகள் ஆரணி கட்டப்போவது ஓர் ஆர்மீனியப் பையனை. அவனுடைய தாய் மதாம் அனாஹித், சனிக்கிழமைகளில் சுற்றுலாக்காரரைக் கால்நடையாக அழைத்துப்போய்த் தங்கள் ஆட்களின் கடைகளில் தின்னக் கொடுப்பவர். தலைக்கு அறுபத்தைந்து யூரோ. சம்பந்திகள் என்பதால் எங்களுக்கு இலவசம். இலவசம் என்றால் நான் சைபீரியாவுக்கும் நடப்பேன்.

ஒரு மணிக்குப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கலியாண அட்டை அடிக்கும் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் கணினியில் அட்டையைக் காட்டிவிட்டு, அண்ணியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தும் பாராமலும் கேட்டார்:

"அக்கா, அண்ணையின்ரை பேருக்கு முன்னாலை திரு எண்டு போடுறதோ, காலஞ்சென்ற எண்டு போடுறதோ?"

அண்ணி மேசையில் கிடந்த மாதிரி அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். போர் முடிந்த 2009 வைகாசியில் அண்ணன் சிவநேசன் வட்டுவாகலில் சரணடைந்து ஆமிக்காரரின் பஸ் ஒன்றில் ஏறியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். இறங்கியதைக் கண்டவர் ஒருவரும் இல்லை. வீட்டில் அவர் படம் தொங்குகிறது, விளக்கும் மாலையும் இல்லாமல். அந்த ஒரு சொல்லை அச்சடித்தால் அண்ணியே அவரைக் கொன்றதாகிவிடும் என்று அவருக்கு ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

"ஆறு மணிக்குள்ளை சொல்லுங்கோ. பிறகு மெசின் ஓடத் துவங்கீடும்" என்றார் கடைக்காரர்.

ஒன்றரைக்கு மெத்ரோ வாசலில் மதாம் அனாஹித் நின்றார். கறுப்புக் கோட்டு, கத்தரித்த நரை மயிர், பெரிய குரல். எங்களோடு பிரான்சின் மேற்குக் கரைப் பிரித்தானியிலிருந்து வந்த வயதான கணவனும் மனைவியும் சேர்ந்துகொண்டார்கள். கார் து நோர் நிலையத்தைத் தாண்டி, லாஃபாயெத் தெருவழியே கதே பக்கம் ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. மழை தூறியது. அண்ணி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். "ஆரும் வாற மாதிரிக் கிடக்கு" என்றார். சனிக்கிழமை லா சப்பலில் ஆர்தான் பின்னால் வரமாட்டார்கள் என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இரண்டேகாலுக்கு முதற்கடை. கடைக்காரக் கிழவர் கதவைத் திறந்து பிடித்தார். நாங்கள் எல்லோரும் உள்ளே வந்த பிறகும் அவர் கதவை விடவில்லை. குளிர் உள்ளே அடித்தது. இன்னும் ஒருவர் நுழையும் அளவு நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் சாத்தினார். மெல்லிய ரொட்டியில் அரைத்த ஆட்டிறைச்சி பூசிச் சுட்ட லஹ்மாஜுன் வந்தது, எலுமிச்சை பிழிந்து சுருட்டித் தின்பது. அருமையான சாமான். ஆளுக்கு ஒன்று. தட்டில் ஒன்று மிஞ்சியது. நான் கை நீட்டினேன். மதாம் என் கையை மெதுவாக விலக்கி, அதைத் துணியால் மூடித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த கடையிலும் அதே கதை. கதவு அதேபோலக் காத்து நின்றது. அங்கே கூரையில் தொங்கிய பஸ்துர்மா மாட்டிறைச்சி, நாங்கள் தொடாதது. ஆனால் அதன்மேல் அப்பியிருந்தது வெந்தயமும் உள்ளியும் மிளகாயும் அரைத்த கூட்டு. அந்த வாசம் முகத்தில் அடித்ததும் அண்ணி என் கையைப் பிடித்தார். அண்ணனுக்கு வெந்தயக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. எங்களுக்குத் தொபிக் தந்தார்கள். கடலை மாவுக்குள் வெங்காயம், கறுவா, முந்திரிகை வற்றல். அதிலும் ஒன்று மிஞ்சிப் பைக்குள் போனது.

வாசலில் பிரித்தானிக்காரி என்னிடம் கேட்டார்:

"உங்களோடு வந்த மனிதர் எங்கே? அந்த உயரமானவர்?"

ஒருவரும் வரவில்லை என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டார். என் அண்ணன் ஆறடி. அதை நான் அண்ணிக்கு மொழிபெயர்க்கவில்லை. அவருக்குப் பிரெஞ்சு விளங்கும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நாலு மணிக்கு மதாமின் வீடு, மூன்றாம் மாடி. மேசையில் கோழியும் கோதுமையும் கரையக் கிண்டிய ஹரிசா ஆவி பறந்தது. எங்கள் கஞ்சிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எங்களுக்கு வைத்த தட்டுகளோடு, ஆளில்லாத கதிரைக்கு முன்னால் இன்னொரு தட்டு. அதில் முதலில் பரிமாறிவிட்டு, பைக்குள் இருந்தவற்றையும் எடுத்து வைத்தார்.

அண்ணி கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "தம்பி, இது படையல். ஆருக்குப் படைக்கிறா எண்டு கேள். எங்கடை அவருக்கெண்டால் எடுக்கச் சொல்லு."

கேட்டேன்.

"என் தாத்தாவின் தம்பிக்கு" என்றார் மதாம். "1915இல் துருக்கியர் எங்களை ஊரைவிட்டு விரட்டியபோது வழியில் பிரிந்தவர். செத்ததை யாரும் பார்க்கவில்லை. தாத்தா தட்டு வைத்தார், பிறகு அப்பா, இப்போது நான். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதில்லை, இது எங்கள் வீட்டுப் பழக்கம். கடைக்காரர்களுக்கும் பழகிவிட்டது. இருந்தால் அவருக்கு நூற்றிருபது வயது தாண்டியிருக்கும். வரமாட்டார் என்று தெரியும். நிறுத்தத்தான் கை வரவில்லை. எல்லோரும் போன பிறகு ஆறிப்போனதை நான் தின்பேன். அடுத்து ஆரணி வைப்பாள். கேட்டேன், சம்மதித்தாள்."

அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கி, மேலே ஆடை படர்ந்தது. அப்போது அவர் கண்டது எது என்று எனக்குத் தெரியும். ஆரணி அந்த மேசையில் தன் அப்பாவுக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைக்கிறாள். பிறகு அவள் பிள்ளை. பிறகு அதன் பிள்ளை.

"மதாம், அந்தச் சாப்பாட்டை எனக்குத் தாறீங்களோ?" என்று தன் உடைந்த பிரெஞ்சில் அண்ணியே கேட்டார்.

மதாமின் முகம் வெளிறியது. பிறகு ஒரு டப்பா எடுத்து வந்து, தட்டை வழித்துப் போட்டு மூடினார். எனக்கு அழுகை வந்தது.

ஐந்தரைக்கு மறுபடியும் லா சப்பல். அட்டைக் கடைக்குள் அண்ணி முன்னால் போனார். "காலஞ்சென்ற எண்டு போடுங்கோ" என்றார், குரல் உடையாமல். பிறகு பக்கத்து மரக்கறிக் கடையில் வாழையிலை கேட்டார். ஒன்று ஒன்றரை யூரோ. அவர் இரண்டு எடுத்தார். ஒன்று போதாதா என்று கேட்டேன்.

"மதாமின்ரை அந்தாளுக்கும் ஆர் கிரியை செய்தது?" என்றார்.

செவ்ரான் வீட்டில் ஏழரைக்கு அண்ணி தலைமுழுகி, வெந்தயக் குழம்பு வைத்து, படத்தடியில் முதல் தடவையாக விளக்கேற்றினார். இரண்டு இலையிலும் சோறும் குழம்பும், மதாம் டப்பாவில் தந்த சாப்பாட்டையும் பரிமாறினார். பிறகு நாங்கள் வெளியே வந்து அறைக் கதவைச் சாத்தினோம். வந்தவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்பதால் எங்கள் ஊர்ப்பக்கம் அப்படித்தான். மதாமின் ஆட்கள் வராதவருக்காகக் கதவைத் திறந்து பிடிக்கிறார்கள். நாங்கள் வந்துவிட்டவருக்காகச் சாத்துகிறோம். இவ்வளவு காலமும் எங்கள் வீட்டுக் கதவும் திறந்தேதான் கிடந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆரணி வேலை முடிந்து வந்து எங்களோடு நடையில் நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் கதவைத் திறக்க ஒருவரும் முந்தவில்லை. கடைசியில் அண்ணி தன் வீட்டுக் கதவைத் தானே மெல்லத் தட்டினார்.

"என்னப்பா, சாப்பிட்டாச்சோ?"