ஜூடித் சிஸ்டருக்குப் போட்ட சந்தன மாலை

ஒருவர் உயிரோடு இருக்கும்போது எட்டிப் பார்க்காமல், மேடை போட்டதும் முதல் வரிசையில் வந்து உட்காரும் மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜூடித் சிஸ்டரின் பொன்விழாவில்தான் அவர்களை மொத்தமாகப் பார்த்தேன்.

சிஸ்டர் குன்னூர்க்காரர். தகப்பன் தனசிங், பேக்கரி அடுப்பில் வெந்து கண் மங்கிப்போன தொழிலாளி. இருபது வயதில் மகள் கன்னியர் மடத்துக்குப் போனாள். அதன்பின் முப்பத்தெட்டு வருடம் ஊட்டியில் ஓர் உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சர். பணி ஓய்வுக்குப் பிறகு கொலக்கம்பைக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டுக்குப் போய், சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். கரும்பலகை ஒன்று வாங்கித் தரச் சொல்லிப் பழைய மாணவிகளுக்குப் பதினாறு கடிதம் எழுதினார். பதிலாக வந்தது ஒரே ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை.

அந்த மாணவிகளுக்குத்தான் போன வருடம் திடீரென்று பாசம் பொங்கியது. சிஸ்டர் துறவறம் பூண்டு ஐம்பது வருடமாம், பாராட்டு விழாவாம். விழாத் தலைவி வேலாமணி, ஜவுளிக்கடை முதலாளியம்மா. மந்திரி வருவதற்கு ஒத்துக்கொண்ட ஒரே நாளை விழா நாளாக்கினார்.

அன்றுதான் வனிதாவுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு மறுதேர்வு.

வனிதா தேயிலை பறிக்கும் சின்னம்மையின் மகள். மார்ச் மாதம் கேள்வித்தாளைப் பார்த்து நடுங்கி, அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டவள். இந்த முறையும் தோற்றால் மறுநாளே பெரட்டுக்கு வரவேண்டும் என்று தாய் முடிவு சொல்லியிருந்தாள். பெரட்டு என்றால் விடியலில் வேலைக்குப் பேர் கூப்பிடும் இடம். அங்கே ஒருமுறை பேர் கொடுத்த பெண் பள்ளிக்கூடம் திரும்பியதாக அந்த எஸ்டேட்டில் கதை இல்லை. பரீட்சை முடியும்வரை ஜன்னலுக்கு நேராக நிற்பேன் என்று சிஸ்டர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டபோது வேலாமணி சிரித்தார்.

"கணக்கு எங்கீங்க சிஸ்டர் ஓடிப்போகுது? மந்திரி மறுக்கா கெடைப்பாருங்களா?"

அதோடு விடவில்லை. மடத்தின் மதரிடம் போய், விழாவுக்கு வந்தே தீரவேண்டும் என்று கட்டளையும் வாங்கிவிட்டார். ஐம்பது வருடத்தில் ஒரு கட்டளையையும் மீறாதவர் சிஸ்டர். அன்று இரவெல்லாம் அவர் அழுதிருப்பார் என்றே நினைக்கிறேன்.

காலையில் கொட்டும் மழை. வேலாமணியின் கார் வந்தது. சிஸ்டர் வனிதாவையும் ஏற்றிக்கொண்டார். குன்னூரில் தேர்வு மையத்து வாசலில் அவள் இறங்கியதும் பின்னாலேயே தானும் இறங்கினார்.

டிரைவர் பிராங்ளின் பதறிவிட்டான். "அம்மாவுக்கு நான் என்னங்க சிஸ்டர் சொல்றது?"

"கெழவி எறங்கிட்டா, ஏற மாட்டேங்கறான்னு சொல்லுப்பா."

பத்தரை மணிக்கு வனிதா பேனாவை மூடினாள். எழுந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம், கறுப்புக் குடைக்குள் எழுபது வயது உருவம் நனைந்துகொண்டு நின்றது. கையசைக்கவில்லை, சிரிக்கவில்லை, நின்றது. வனிதா உட்கார்ந்தாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ஊட்டி மண்டபத்தில் தியாகத்தைப் பற்றி ஆறாவது பேச்சு நடந்துகொண்டிருந்தது. மந்திரி சிஸ்டர் பெயரை இருமுறை தவறாகச் சொல்லிவிட்டுப் பைக்காரா போட்டிங்குக்குக் கிளம்பினார். வாங்கிய சந்தன மாலையை என்ன செய்வது? மேடையில் இருந்த சிஸ்டரின் பெரிய படத்துக்குப் போட்டார்கள். யாரோ ஒரு புத்திசாலி அதன் முன் விளக்கும் ஏற்றிவைத்தார். தாமதமாக வந்த மார்க்கெட் வியாபாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்மூடி நின்றார்கள். ஒருவர் என்னிடம் மெதுவாக, அடக்கம் எப்போது என்று விசாரித்தார். மேடையில் வேலாமணி அழுத அழுகைக்கு அந்த வியாபாரியைக் குற்றம் சொல்ல முடியாது.

மூன்று மணிக்கு, அடக்கம் செய்யவேண்டியவரே நனைந்த உடுப்போடு உள்ளே வந்தார். கூடவே வனிதா. பந்தியில் பிரியாணி பிசைந்த கைகள் நின்றன. வேலாமணி ஓடிவந்து படத்து மாலையைக் கழற்றினார். கழற்றிய மாலையை சிஸ்டர் கழுத்திலேயே போடப் பார்த்தார்!

சிஸ்டர் விலகி மதரின் முன்னால் மண்டியிட்டார்.

"கட்டளையை மீறிட்டேன், மதர். தண்டனை எதுன்னாலும் ஏத்துக்கறேன். இந்தப் புள்ள காலையிலிருந்து சாப்பிடலை. முதல்ல இவளுக்குச் சோறு போடச் சொல்லுங்க."

மதர் வேலாமணியைத் திரும்பிப் பார்த்தார். பரிமாற எழுந்தது டிரைவர் பிராங்ளின்தான். அவனுக்கு அன்று மாலையே வேலை போயிற்று. அடுத்த வாரம் சிஸ்டருக்குத் திருச்சிப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. வழியனுப்ப முதல் வரிசைக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. சின்னம்மை மட்டும் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

தேர்வு முடிவு வந்த மறுநாள் வனிதா திருச்சிக்குப் போன் செய்தாள்.

"நாப்பத்து மூணு, சிஸ்டர்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

"பதினொண்ணாவது சேர்ந்துட்டியா?"

"அம்மா நேத்தே கூட்டிட்டுப் போய் சேர்த்துட்டாங்க, சிஸ்டர்."